அடுக்கைப் பார்த்தால் கடை தெரியும்: பெஞ்ச், பாத்தி, அலமாரிக்கு மரம் வாங்கிய பதிவு

வேலை மூன்று. தோட்டத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் ஒரு பெஞ்ச், செடி வளர்க்கத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய ஒரு மரப் பாத்தி, வீட்டுக்குள் ஒரு புத்தக அலமாரி. மூன்றுக்கும் ஒரே கடையில் மரம் எடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கடைசியில் இரண்டு கடைகளில் வாங்கினேன். மூன்றாவதில் எதுவும் வாங்காமல் வந்தேன். கடையில் எதைப் பார்த்தேன், என்ன கேட்டேன், எதனால் அப்படி முடிவானது என்பதுதான் இந்தப் பதிவு. அறுப்பதும் இழைப்பதும் இதில் கொஞ்சம்தான் வரும். மர வேலை உருப்படுமா படாதா என்பது பாதிக்கு மேல் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் துண்டுக் கணக்கு எழுதிக்கொண்டேன். பெஞ்சின் இருக்கைக்கு 5 அடி நீளம், 4 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனத்தில் 6 பட்டைகள். பாத்திக்கு 8 அங்குல அகலம், 2 அங்குல கனத்தில் 6 அடிப் பலகை இரண்டு, 3 அடிப் பலகை இரண்டு. அலமாரிக்கு 10 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் 3 அடித் தட்டுகள் ஐந்து, பக்கப் பலகைகள் இரண்டு. கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் தனிக் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "மழையில் நிற்கும்", "மண்ணைத் தொடும்", "வீட்டுக்குள்" என்று மூன்றில் ஒன்றைக் குறித்தேன். பிறகு பார்த்தால் அளவுகளைவிட இந்தக் குறிப்புதான் அதிகம் உதவியது.

கன அடிக் கணக்கைக் கையோடு போட்டுக்கொண்டு போவது நல்லது. அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம், அடியில் நீளம், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. பாத்திப் பலகைகளின் மொத்த நீளம் 18 அடி. 8 × 2 × 18 = 288, அதை 144ஆல் வகுக்க 2 கன அடி. பெஞ்சுப் பட்டைகள் ஆறும் சேர்ந்து ஒரு கன அடியைக் கொஞ்சம் தாண்டும். இந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால் கடையில் கால்குலேட்டரில் தட்டிக் காட்டும் எண்ணுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தடியாக, உருட்டு மரமாக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. சுற்றளவை நாலாக மடித்து, அந்தக் கால் பங்கின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கும் பழைய முறையில் வரும் அளவு, உருளையின் உண்மையான கன அளவில் சுமார் 78.5 சதவீதம்தான். மீதி அறுப்புச் சேதாரத்துக்கான சலுகை. அந்த முறையில் அளக்கிறவர் சேதாரத்தை மறுபடி தனியாகச் சேர்த்தால் அங்கேயே கேட்க வேண்டியதுதான்.

முதல் கடை கண்ணாடிக் கதவும் வெளிச்சமுமாக இருந்தது. பலகைகள் எல்லாம் இழைத்து, பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டாவது பெரிய மரவாடி, லாரி உள்ளே வந்து திரும்பும் அளவுக்கு இடம். மூன்றாவது, அறுப்பு மில்லோடு ஒட்டிய சின்னக் கடை. பெயர்ப் பலகையே பாதி அழிந்திருந்தது. முகப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கச் சொல்லியிருந்தால் மில் கடையைக் கடைசியில் போட்டிருப்பேன். நான் பார்க்க விரும்பியது முகப்பையல்ல, பின்பக்கம் மரம் அடுக்கி வைத்திருக்கும் விதத்தை.

நன்றாக அடுக்கிய மரம் தரையைத் தொடாது. அடியில் கட்டையோ கல்லோ கொடுத்து ஒரு அடியாவது தூக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள் இருக்கும், காற்று போய் வர. அந்தக் குச்சிகள் கீழிருந்து மேல் வரை ஒன்றின் நேர்மேலே ஒன்றாக வர வேண்டும். விலகியிருந்தால் மேல் வரிசையின் பாரம் குச்சி இல்லாத இடத்தில் இறங்கி, கீழ்ப் பலகை அப்படியே வளைந்து காய்ந்துவிடும். மேலே கூரையோ தகரமோ இருக்கும். பலகைகளின் வெட்டு முனையில் பெயின்ட்டோ மெழுகோ தடவியிருந்தால், கடைக்காரருக்கு மரத்தைத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். மரத்தின் பக்கங்களைவிட வெட்டு முனை வழியாகத்தான் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் இருக்க, முனையில் வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பு விழுந்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் நாம் அளவு எடுக்க முடியும். தள்ளியதற்கும் காசு கொடுத்திருப்போம்.

பெரிய மரவாடியில் மரம் வெறும் தரையில், குச்சியே இல்லாமல், பலகை மேல் பலகையாகக் குவிந்திருந்தது. நடுவிலிருந்து ஒரு பலகையை உருவச் சொன்னேன். அதில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள். அது பூஞ்சை. நிறம் மட்டும் மாற்றும் பூஞ்சை மரத்தின் வலுவைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் அந்தப் பலகை வெகு நாள் ஈரத்தில் மூச்சு விடாமல் கிடந்தது என்பதற்கு அது சாட்சி. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அடுத்து வருவது மரத்தை அழுக வைக்கும் பூஞ்சை. "வெயில்ல ரெண்டு நாள் போட்டா போயிடும் சார்" என்றார் அங்கிருந்தவர். திட்டு வேண்டுமானால் வெளுக்கலாம்.

அதே அடுக்கின் கீழே மைதா மாதிரி மெல்லிய தூளும், பலகையின் வெளிர்ந்த ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகளும் இருந்தன. கரையான் வேலை இப்படி இருக்காது. கரையான் என்றால் மண் ஒட்டியிருக்கும். இது உளுப்பு வண்டு. மரத்தின் வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்று வாழ்வது. ஒரு அடுக்கில் இருந்தால் பக்கத்து அடுக்கிலும் இருக்க வாய்ப்புண்டு, நம் வீட்டுக்கும் வரும். அந்தக் கடையில் வாங்காததற்கு இது ஒன்றே போதும்.

ஈரத்தைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் அலமாரி முழுக்க இதை நம்பித்தான் இருந்தது.

மரம் ஈரத்தை இழக்கும்போது நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. அகலத்திலும் கனத்திலும்தான் சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிதானமான மரம் என்று பெயரெடுத்த தேக்கே, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத் திசையில் 5.8 சதவீதமும் மற்றத் திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். என் அலமாரித் தட்டு 10 அங்குலம். 20 சதவீத ஈரத்தில் அதை வாங்கிப் பொருத்தி, வீட்டுக்குள் அது 12க்கு இறங்கினால், சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகையில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் குறையும். வளையங்கள் செங்குத்தாக வரும்படி அறுத்த பலகை என்றால் 2 மில்லிமீட்டருக்குள் நிற்கும். ஒட்டுப் போட்ட இடம் திறப்பதற்கு 4 மில்லிமீட்டர் தாராளம்.

ஆகவே ஈரம் அளக்கும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இரண்டு ஊசி குத்தும் வகை, சின்னது. பலகையின் மேல்தோலில் குத்தினால் அது நல்ல செய்தியைத்தான் சொல்லும். மேல்தோல் எப்போதும் முதலில் காய்ந்திருக்கும். முனையிலிருந்து ஒரு அடியாவது உள்ளே தள்ளிக் குறுக்கே வெட்டி, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். பெரிய மரவாடியில் வெளியே 13 காட்டிய பலகை உள்ளே 22 காட்டியது. மீட்டரின் எண்ணை மரவகைக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்க வேண்டும். 30க்கு மேல் போனால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்தாகத் தாமிர உப்பு ஏற்றிய மரத்திலும் எண் கூடுதலாகக் காட்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மீட்டரைவிட அதுதான் நம்பகமானதும்கூட. பலகையின் உள்பகுதியிலிருந்து ஒரு அங்குலத் துண்டு வெட்டி, கிராம் காட்டும் தராசில் நிறுத்து, 103 டிகிரி செல்சியஸில் அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்னும் வரை காய வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈர சதவீதம். மில் கடையிலிருந்து கொண்டுவந்த பெஞ்சு மரத் துண்டு 64 கிராமிலிருந்து 54க்கு வந்தது. 10ஐ 54ஆல் வகுக்க, 18.5 சதவீதம். வெளியில் நிற்கும் பெஞ்சுக்கு இது பரவாயில்லை. அலமாரிக்கு ஆகாது.

"வெட்டி எவ்வளவு நாளாச்சுங்க?" என்று மூன்று கடைகளிலும் கேட்டேன். கண்ணாடிக் கதவுக் கடையில், சூளையில் உலர்த்தியது, 10லிருந்து 12 சதவீதம் என்று சொல்லி, அந்தச் சரக்கோடு வந்த தாளையும் காட்டினார்கள். பெரிய மரவாடியில் "எல்லாம் நல்லா காஞ்சதுதான்" என்றார்கள். மில் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்றேகால் அங்குலம் போன வருஷம் அறுத்தது, எடுத்துக்கலாம். ரெண்டு அங்குலம் இப்பத்தான் ஆறு மாசம். அலமாரிக்குன்னா என்கிட்ட வாங்காதீங்க தம்பி" என்றார். காற்றில் உலர்த்தும் மரத்துக்கு ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்லும் தோராயக் கணக்கோடு அவர் பேச்சு ஒத்துப்போனது. தன்னிடம் எது சரியில்லை என்று சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் மீதியை நம்பி வாங்கலாம்.

சூளையில் உலர்த்தியது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அவசரமாக உலர்த்தினால் மேல்தோல் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அப்படிப்பட்ட பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு துண்டுகளும் வாளின் பின்னாலேயே வளைந்து நெருங்கும். கண்ணாடிக் கதவுக் கடையில் ஒரு துண்டுப் பலகையை விலைக்கு வாங்கி, அங்கேயே கனத்தில் பிளந்து காட்டச் சொன்னேன். கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்கள். பிளந்த துண்டுகள் நேராக நின்றன. அலமாரி மரம் அங்கேதான் என்று முடிவானது.

அடுத்தது பெயர். மர வியாபாரத்தில் பெயர் ரொம்பவே நெகிழ்வானது. ஒரு இடத்தின் பெயரை முன்னால் ஒட்டிய "தேக்கு" எல்லாமே தேக்கு அல்ல. ஆப்பிரிக்கத் தேக்கு என்று விற்பது பல இடங்களில் இரோக்கோ. பிரேசில் தேக்கு என்பது பல இடங்களில் குமாரு. பிலிப்பைன்ஸ் மஹோகனி என்று சொல்லப்படுவது ஷோரியா வகை. மட்டமான மரம் என்று இவை எல்லாவற்றையும் ஒதுக்க முடியாது. குமாரு தேக்கைவிடக் கனமானது, கடினமானது. சிக்கல் வேறு: தேக்கின் சுருக்கமும் தேக்கின் ஆயுளும் இதற்கும் இருக்கும் என்று கணக்குப் போட்டு வேலையைத் தொடங்கிவிடுவோம். எனவே தாவரப் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். அசல் தேக்கின் வெட்டு முகத்தைக் கூர்மையான உளியால் சீவிப் பார்த்தால், ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, முகர்ந்தால் தோல் பொருளின் வாடை.

பெயரைவிடப் பெரிய விஷயம் வைரம், அதாவது தண்டின் உள்பகுதியில் இருக்கும் முற்றிய மரம். எந்த மரமானாலும் அதன் வெளிப்பகுதியான வெள்ளை, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தாங்காது. ஐரோப்பியத் தர நிர்ணயம் மரங்களின் இயற்கையான ஆயுளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு மிக உறுதி, ஐந்தாம் வகுப்பு தாங்கவே தாங்காது. நல்ல தேக்கின் வைரம் முதல் வகுப்பு. அதே தேக்கின் வெள்ளை ஐந்தாம் வகுப்பு. அதாவது "தேக்கு" என்று வாங்கிய பலகையின் ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை இருந்தால், அந்த இரண்டு அங்குலத்துக்குத் தேக்கு விலை கொடுத்து, சாதா மரம் வாங்குகிறோம். வீட்டுக்குள் அலமாரியில் அது ஓரளவு ஓடும். மண்ணைத் தொடும் பாத்தியில் ஓடாது. மில் கடையில் பாத்திக்கான பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வெள்ளை ஓரம் உள்ளவற்றை ஒதுக்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ஒதுக்கியவற்றை ஓரம் சீவித் தருகிறேன், ஆறு அங்குல விலை போட்டுக்கொள்ளலாம் என்றார். நியாயம்தான், ஆனால் எனக்கு எட்டு அங்குலம் வேண்டியிருந்தது.

புரட்டும்போது கவனித்த மற்றவை: வெட்டு முகத்தில் தண்டின் நட்டநடு மையம் தெரியும் பலகை வேண்டாம், அது பிளக்காமல் இருக்காது. கணு இருக்கலாம், சுற்றிலும் கறுப்பு வளையமிட்ட கணு இருக்கக் கூடாது, அது ஒருநாள் கழன்று விழும். ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரியும். வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கு உள்ளதைத் தொடவே வேண்டாம்.

பாத்திக்கு மருந்து ஏற்றிய பைன் பலகை போடலாமா என்றும் பார்த்தேன். பெரிய மரவாடியில் இருந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பச்சையா இருக்குல்ல, அதான் மருந்து" என்று பதில். பச்சை நிறம் தாமிரத்தால் வருவது உண்மைதான். ஆனால் தொட்டியில் முக்கி எடுத்தாலும் பச்சை வரும். அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றியதா, மேலே பூசியதா என்பது குறுக்கே வெட்டினால் தெரிந்துவிடும். முக்கி எடுத்ததில் நிறம் தோலோடு நின்றுவிடும். எந்த மருந்து என்பது அதைவிட முக்கியம். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த சிசிஏ என்னும் கலவை 1930களில் இந்தியாவைச் சேர்ந்த சொந்தி காமேசன் கண்டுபிடித்தது. கம்பங்களும் வேலிக் கால்களும் பல பத்தாண்டுகள் நிற்க அதுதான் காரணம். ஆர்செனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆர்செனிக் இல்லாத தாமிர மருந்துகள் பிறகு அந்த இடத்துக்கு வந்தன. சாப்பிடும் செடி வளர்க்கிற பாத்திக்கு, மருந்தின் பெயர் தெரியாத மரத்தை நான் எடுப்பதாக இல்லை. பெயரோடு தாள் கொடுக்கும் கடை இருந்திருந்தால் எடுத்திருப்பேன், அதில் எனக்குப் பிடிவாதம் ஒன்றும் கிடையாது. அப்படி எடுப்பவர்கள் மண்ணைத் தொடும் உபயோகத்துக்கான வகுப்பா என்று கேட்டு வாங்க வேண்டும். வெட்டிய முனைகளில் மறுபடி மருந்து தடவ வேண்டும். மிச்சத் துண்டுகளை எரிக்கவே கூடாது. சிசிஏ மரத்தின் சாம்பலில் ஆர்செனிக் தங்கும்.

விலை பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: சொல்வது அறுத்த அளவா, இழைத்த அளவா? ஒன்றேகால் அங்குலம் அறுத்தது இழைத்து முடிக்கும்போது ஒரு அங்குலத்துக்கு வந்து நிற்கும். அது தப்பில்லை, இரண்டில் எதற்குக் காசு என்பதுதான் தெரிய வேண்டும். பெரிய மரவாடியில் 2 அங்குலம் என்ற பலகையை டேப்பால் அளந்தால் ஒன்றேமுக்கால். என் பாத்திக் கணக்கில் அது 2 கன அடிக்குக் காசு கொடுத்து ஒன்றேமுக்கால் கன அடி வாங்குவது. மில் கடையில் இரண்டு அங்குலத்துக்கு மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாகவே இருந்தது.

ரசீதில் மரத்தின் பெயர், அறுத்த அளவு, துண்டுகளின் எண்ணிக்கை, முறுக்கு வந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பது வரை எழுதி வாங்கினேன். கண்ணாடிக் கதவுக் கடையில் கடைசி ஒன்றுக்கு ஒப்பவில்லை. "உங்க வீட்டுல எப்படி வைப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே" என்றார்கள். அதுவும் சரிதான். அவர்கள் காட்டிய தாளும் பிளந்து பார்த்த துண்டும் இருந்ததால் விட்டுவிட்டேன்.

வீட்டில் எப்படி வைத்தேன் என்றால், கடையில் எதைத் தேடினேனோ அதையேதான் செய்தேன். அலமாரிப் பலகைகளை அது நிற்கப்போகும் அறையிலேயே, குச்சி கொடுத்து அடுக்கி, மீட்டரின் எண் அசையாமல் நிற்கும் வரை தொடவில்லை. பெஞ்சு, பாத்தி மரத்தை வெளியே நிழலில், தகரத்துக்குக் கீழே அடுக்கினேன்.

செய்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலமாரித் தட்டுகளைப் பக்கப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் செருகி, முன்பக்க இரண்டு அங்குலத்துக்கு மட்டும் பசை போட்டேன். பின்பக்கம் நகர இடம் இருக்கட்டும். பெஞ்சுப் பட்டைகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி. தண்ணீர் தங்காது, இலைச் சருகும் சிக்காது. பட்டையில் எந்த முகம் மேலே வர வேண்டும் என்பதில் தச்சர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. நான் லேசாக மேடாக இருந்த முகத்தை மேலே வைத்தேன், தண்ணீர் வழிந்துவிடும் என்று. கால்களின் அடி முனையை எபாக்ஸி என்னும் பிசினில் ஊற விட்டு, மண்ணில் படாமல் கல் மேல் நிறுத்தினேன். பாத்தியின் மூலைகளுக்கு உள்ளே சட்டம் கொடுத்து, துரு ஏறாத எஃகுத் திருகாணி. அடியில் பலகை எதுவும் போடவில்லை, மண் மேல் நேரடியாக நிற்கிறது.

மில் கடையில் இரண்டு அங்குலப் பலகைகள் அறுத்து ஆறு மாதமே ஆனவை என்று அவரே சொல்லியிருந்தாரே, பாத்தியின் நீளப் பக்கம் ஒன்றில் அது தெரிகிறது. நடுவில் வெளிப்புறமாகக் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. மண்ணின் அழுத்தமும் சேர்ந்திருக்கும். இரண்டு நீளப் பக்கங்களையும் இணைத்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்கப் போகிறேன். பெஞ்சு வேலையில் மிஞ்சிய ஒன்றேகால் அங்குலத் துண்டு அதற்குப் போதும். அடுத்து வேலிக் கதவு ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கான மரத்தை மில் கடையில் இப்போதே அறுக்கச் சொல்லி, அவர் அடுக்கிலேயே காய விட்டிருக்கிறேன்.